டீ குடிச்சீங்களா என்றுதான் கேட்டேன்

போன மாதம் பல்லவி போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையின் கேத் லேபில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மராத்திப் பெண் அவள். கேத் லேப் என்றால், மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் அறை. அடைப்பு இருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைப்பார்கள். டெக்னீஷியனுக்கு அங்கே திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி உண்டு.

"தாயி, பேஷண்ட் கையெழுத்துப் போடுற ஃபார்ம்ல ஒரு வரியை எடுக்கச் சொல்றாங்க. அது ஏன் இருக்குன்னு இங்க யாருக்கும் தெரியல" என்றாள். மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணமே ஆகாத வயதில் எனக்குக் கிடைத்த தாய்ப் பட்டம் அது.

எந்த வரி என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. 'நேற்றிலிருந்து டீ, காபி, கோலா ஏதாவது குடித்தீர்களா?' என்று மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். 'காபி' என்ற சொல் மட்டும் பக்கத்தில் தமிழிலும் இருக்கும். புனே நகரத்து மருத்துவமனை ஃபார்மில் ஒற்றைத் தமிழ்ச் சொல் எப்படி வந்தது என்று பல்லவி திகைத்ததில் ஆச்சரியமில்லை. இப்போது வந்திருக்கும் புதிய முறையில், மருந்து எதுவும் ஏற்றாமலே அழுத்தத்தை அளந்துவிடலாமாம். மருந்து இல்லையென்றால் காபியைப் பற்றிய கேள்வியும் வேண்டாம். "தாராளமா எடுத்துடு" என்றேன். அது வந்த கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எழுதி வைங்க தாயி" என்றாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது எனக்கு வசதிதான். எழுதப்போவது என் தப்பைப் பற்றி அல்லவா!

என் கதை சின்னது. அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கே. பன்னிரண்டாவது முடித்து ஈசிஜி எடுக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு இரண்டு வருடப் படிப்பு, பிறகு கேத் லேப். முதல் ஆறு மாதம் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்கே முதுகு போய்விட்டது. மற்றதெல்லாம் டாக்டர் கேத்கரிடம் கற்றது.

கேத்கர் சார் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. எண்பது வயதுக் கிழவரையும் நாற்பது வயதுக்காரரையும் ஒரே மாதிரி 'காகா', அதாவது சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார். வேலை சரியாக நடந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சரியில்லை என்றால் ஒரே சொல்: "பரத்." மறுபடி என்று அர்த்தம். திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். அந்த அமைதியான 'பரத்' இரண்டு நாள் தூங்கவிடாது.

அடைப்பைப் படத்தில் பார்த்தால் மட்டும் போதாதா, எதற்கு அளக்க வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். பாதியை மூடிய அடைப்பு ஒருவருக்கு ஒன்றுமே செய்யாமல் இருக்கும், அதே அளவு அடைப்பு இன்னொருவரை மாடிப்படியில் உட்கார வைத்துவிடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அந்த நடுத்தர அடைப்புகளுக்குத்தான் அளவு தேவை. தலைமுடி மாதிரி ஒரு கம்பி, அதன் நுனிக்குக் கொஞ்சம் பின்னால் அழுத்தத்தை உணரும் ஒரு துளிக் கருவி. அடைப்புக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம், அதைத் தாண்டிய பிறகு எவ்வளவு என்று பார்ப்போம். முன்னால் நூறு இருந்து பின்னால் தொண்ணூறு வந்தால் பாயின்ட் ஒன்பது. பாயின்ட் எட்டுக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம். அதற்குக் கீழே போனால் ஸ்டென்ட் பற்றியோ பைபாஸ் பற்றியோ பேச வேண்டும்.

ஆனால் சும்மா படுத்திருக்கிறவரின் இதயம் அதிகம் ரத்தம் கேட்காது. அதனால் ஒரு மருந்தை ஏற்றி, அந்தக் குழாய்க்குக் கீழே உள்ள நுண்குழாய்களையெல்லாம் விரிய வைப்போம். நோயாளிகளிடம் நான் இப்படிச் சொல்வேன்: "நம்ம சால்ல ஒரு குழாய் மட்டும் திறந்தா தண்ணி நல்லாத்தான் வரும். காலைல எல்லா வீட்டுக் குழாயையும் திறந்தாத்தானே பைப்புல அடைப்பு இருக்கறது தெரியும்?" சாலில், அதாவது வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மருந்து ஏறும் இரண்டு நிமிடமும் மூச்சு முட்டும், முகம் சிவக்கும், நெஞ்சில் பாரம் ஏறும். மருந்தை நிறுத்தியதும் போய்விடும்.

கம்பியை அடைப்பைத் தாண்டி விடுவதற்கு முன் கேத்கர் சார் இரண்டு கேள்வி கேட்பார். முதலில் "ஷூன்ய?" கருவியைப் பூஜ்யத்தில் வைத்தாயா என்று. கம்பியின் நுனி குழாயின் வாய்க்கு வந்ததும் "ஸமான்?" இரண்டு அழுத்தமும் சமமாக இருக்கிறதா என்று. திரையில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் அவர் மேலே போவார். வேலை முடிந்ததும் கம்பியைப் பழைய இடத்துக்கே இழுத்து, கோடுகள் மறுபடி படிகின்றனவா என்று பார்ப்பார். படியவில்லை என்றால் 'பரத்'தான்.

ஒருமுறை வேலூர்ப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் மேஜையில் படுத்திருந்தார். சார் "ஷூன்ய?" என்றார். நான் "ஷூன்ய ஜாலா", ஆயிற்று என்றேன். அந்த அம்மாள் சடாரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும்மா சூனியம் வெச்சீங்க? அந்தாளு கேக்குறான், நீயும் அதையே சொல்ற?" என்று அலறினார். நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தொட்டது. விஷயம் புரிந்ததும் சார் முதன்முறையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு தமிழ் நோயாளி என்றால் என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "ஸீரோ?" என்று கேட்பார்.

தமிழ் நோயாளிகள் வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. ஏழுமலை அண்ணன் வந்த அன்றும் அந்தப் பெருமையோடுதான் போனேன்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஆரணிக்காரர். கசார்வாடியில் வீடு, போசரியில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிற வேலை. கூரையை ஒட்டி ஓடுகிற பெரிய கிரேன். ஏணி ஏறி மேலே கேபினில் உட்கார வேண்டும். கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனையில் ஈசிஜி சந்தேகமாக இருந்ததால் அனுப்பியிருந்தார்கள். இதயத்தின் முன்பக்கக் குழாயில் நடுத்தரமான ஒரு அடைப்பு. அளந்து பார்க்கலாம் என்றார் சார்.

"நெஞ்சு வலி உண்டாண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணியும் இல்ல தங்கச்சி. மிஷின் தப்பா காட்டிச்சி. பாயின்ட் எட்டுக்கு மேல வந்தா கிரேன்ல வுட்டுடுவாங்க இல்ல? டாக்டரு சொன்னாரு. இல்லாங்காட்டி கேட்டுல ஒக்கார வெச்சிடுவானுங்க. முப்பது வருசமா மேல குந்திக்கினு இருந்தவன், கீழ வந்து கேட்டு தொறந்துக்கினு இருக்கச் சொன்னா எப்படி?"

ஃபார்மை நிரப்பினேன். "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?" "வெறும் வயிறு." "டீ குடிச்சீங்களா?" "சேச்சே, டீ எல்லாம் இல்ல." கட்டத்தில் 'டீ, காபி: இல்லை' என்று டிக் அடித்தேன்.

இதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்க முடியாமல் வைத்திருக்கிறேன். புனேயில் எல்லாரும் குடிப்பது சஹா, அதாவது டீ. வீட்டுக்கு வந்தவரை 'சஹா?' என்றுதான் கேட்போம். அந்தப் பழக்கத்தில் தமிழிலும் டீ என்று மட்டும் கேட்டேன். ஆரணிக்காரரிடம், ஆற்காட்டுக்காரர் மகள்!

உள்ளே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஸீரோ, ஸமான், கம்பி அடைப்பைத் தாண்டியது, மருந்து ஏறத் தொடங்கியது. ஒரு நிமிடம் போனது. ஏழுமலை அண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"மூச்சு முட்டுதாண்ணா?"

"ஜம்முனு கீது."

சார் மருந்து போகிற பம்பைத் திரும்பிப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. "சஹா, காபி?" என்று என்னைக் கேட்டார். "காஹி நாஹி, ஸர். ஒண்ணும் இல்ல, கேட்டாச்சு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பாயின்ட் எட்டு நாலு. கம்பியைப் பின்னால் இழுத்தார், கோடுகள் படிந்தன. "டீக் ஆஹே", சரிதான் என்றார்.

முடிவை நோயாளியிடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அது விதி. எனக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. மேஜையிலிருந்து அவரை மாற்றும்போதே காதோரம் குனிந்து, "எட்டு நாலுண்ணா! பாஸ் ஆயிட்டீங்க! கிரேன் உங்களுதுதான்" என்றேன். என் சொந்த அண்ணனுக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மதியம் வார்டுக்குப் போனேன். மணிக்கட்டில் பட்டையோடு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜா அக்கா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினார்.

"குடி கண்ணு. ஊர்லேர்ந்து வந்த தூளு. விடிகாலம் போட்டது, இன்னும் சூடு கீது."

ஒரு வாய் குடித்தேன். அருமையான காபி. இரண்டாவது வாய்க்கு முன் மூடியைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அண்ணன் இதைக் குடிச்சாரா?"

"பின்ன? அஞ்சு மணிக்கு ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுத்தான் கெளம்பினாரு."

"வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களேக்கா."

"வெறும் வயிறுதான் கண்ணு. ஒரு இட்லி தொடலியே! காபிதான குடிச்சாரு."

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் அம்மா சஷ்டி விரதம் இருந்தால்கூடக் காபிக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ் வீட்டில் காபி வயிற்றுக் கணக்கில் சேராது. ஆனால் நாங்கள் ஏற்றுகிற மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தைக் காபி முன்கூட்டியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மருந்து உள்ளே போகும், குழாய்கள் விரியாது. அவர் ஜம்மென்று படுத்திருந்ததற்குக் காரணம் நெஞ்சின் பலம் இல்லை, இரண்டு டம்ளர் காபி. பாயின்ட் எட்டு நாலு என்பது குழாய்களைத் திறக்காமலே எடுத்த அளவு.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து ஆகிவிட்டது. அண்ணனும் அக்காவும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவேளை உண்மையான அளவும் எட்டுக்கு மேலேயே இருக்கலாம். இப்படியெல்லாம் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் உயரத்தில், கேபினில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஏதாவது ஆனால்? கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்க, கொக்கியில் கொதிக்கிற இரும்பு தொங்கிக்கொண்டிருந்தால்?

கேத்கர் சார் தன் அறையில் டப்பாவைத் திறந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கேட்டது டீ மட்டும், டிக் அடித்தது இரண்டுக்கும் என்று. அவர் டப்பாவை மூடினார்.

"எவ்வளவு?"

"ரெண்டு டம்ளர். காலை அஞ்சு மணிக்கு."

நான் அந்த 'பரத்'துக்காகக் காத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நானும் பேஷண்டைக் கேட்கவில்லை, கஸ்தூரி. உன்னைத்தான் கேட்டேன். சல, வா" என்று எழுந்தார். பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்து நான் பார்த்தது அன்றுதான்.

வார்டில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இந்தியில் அவரே சொன்னார். "காகா, தப்பு எங்களுடையது. இந்த நம்பர் உண்மையில்லை. காபி குடிக்காமல் வாருங்கள், மறுபடி பார்ப்போம். அதற்கு நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம்."

ஏழுமலை அண்ணனின் முகம் இறுகிவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில், "ஒரு தபா பாஸ் ஆனவனுக்கு மறுக்கா பரீட்சையா? வேற ஆளப் பாருங்க" என்றார். அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். ரிப்போர்ட்டை மட்டும் சார் கொடுக்கவில்லை.

நாலு நாள் ஆகியும் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கசார்வாடிக்குப் பஸ் ஏறினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சரோஜா அக்கா கதவைத் திறந்தார். 'வா கண்ணு' என்றாரே தவிர முகத்தில் உயிரில்லை. எனக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீரை வைத்தார்.

"காபி இல்ல கண்ணு. நிறுத்திட்டேன். ஃபில்டரத் தூக்கிப் பரண்மேல போட்டுட்டேன். நான் போட்ட காபிதான அவுரு உசுருக்கு ஒல வெக்கப் பாத்துது?"

"அப்படி இல்லக்கா. கேக்க வேண்டியது நான். தப்பு என்னுது."

"கொடுத்தவ நானு."

உள்ளே பனியனோடு உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணன் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் தப்பப் பங்கு போட்டுக்கினு இருங்க. நடுவுல என் காபி பூட்ச்சி. நாலு நாளா இவ என் மூஞ்சியக்கூடப் பாக்கறதில்ல தங்கச்சி. தூங்குறனா, மூச்சு கீதான்னு ராத்திரில மூக்காண்ட வெரல வெச்சிப் பாக்குறா." எழுந்து வாசலுக்கு வந்தார். "நாளைக்கி வரேன். எத்தினி வந்தாலும் சரி, முடிச்சி வுட்ருங்க. இவ இப்படி இருக்கறத என்னால பாக்க முடியல."

அடுத்த நாள் ஒன்றுவிடாமல் கேட்டேன். டீ, காபி, கோலா, சாக்லேட், தலைவலி மாத்திரை. "தண்ணி குடிச்சேன். அதுலயும் எதுனா கீதா?" என்றார்.

ஸீரோ. ஸமான். மருந்து ஏறியது. அரை நிமிடத்தில் அவர் முகம் சிவந்தது. "யம்மா... இன்னாமோ பண்ணுது. நெஞ்சு மேல ஏறிக் குந்துனாப்ல கீது." ஏப்ரனோடு போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டே நிமிஷம்ணா. நான் இங்கதான் இருக்கேன்." கண்ணெல்லாம் திரையில். சிவப்பும் பச்சையும் பிரிந்துகொண்டே போயின. எண்பத்து மூன்று. எழுபத்தொன்பது. எழுபத்தைந்து. "பாயின்ட் ஏழு இரண்டு, ஸர்" என்று சொன்னேன். வேண்டியதும் அதுதான், வேண்டாததும் அதுதான். கம்பியைப் பின்னால் இழுத்தார், கோடுகள் படிந்தன. அளவு உண்மை. சார் அங்கேயே ஸ்டென்ட் வைத்தார். மறுபடி அளந்தபோது பாயின்ட் ஒன்பது இரண்டு. இம்முறை நான் அண்ணன் காதில் எதுவும் சொல்லவில்லை. சார்தான் சொன்னார்.

அடுத்த வாரம் ஃபார்மில் பழைய கட்டத்துக்குப் பதிலாக அந்த வரி ஏறியது. தமிழ்ச் சொல்லை நான் எழுதிக்கொடுத்தேன். எப்படிச் சொல்வது என்று சார் இரண்டு முறை கேட்டுப் பழகிக்கொண்டார்.

கம்பெனி ஏழுமலை அண்ணனைக் கேட்டில்தான் உட்கார வைத்தது. நாலு மாதம். பிறகு டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடினார். கம்பெனி டாக்டர் யோசித்து யோசித்துக் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் போன் அடித்தது.

"தங்கச்சி, மேல கேபின்லேர்ந்து பேசறேன். இன்னும் மெயின் ஸ்விட்ச் போடல. நாப்பது படி. நிக்காம ஏறிட்டேன்."

"முன்னாடி நிப்பீங்களாண்ணா?"

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ரெண்டு வருசமா பாதியில நிப்பேன். நெஞ்ச அழுத்தும். கீழ வேடிக்க பாக்குற மாதிரி நடிப்பேன். வூட்லகூட சொல்லல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எட்டு நாலு தப்புன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும். அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"நீ அவ்ளோ சந்தோசமா சொன்னியே தங்கச்சி" என்றார். "எப்படி இல்லேங்கறது?"

மெயின் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.